பழைய காரும் புது வாரண்டியும்

டிஸ்கி: கொஞ்சம் நீளமான பதிவு. பழைய கார் வாங்கப் போறவங்க முழுசாப் படிங்க. ஏற்கனவே வாங்கிட்டவங்க டிராயரைத் திறந்து அந்த வாரண்டி புத்தகத்தைக் கையில எடுத்து வச்சுக்கிட்டுப் படிங்க. வாரண்டி விற்கிற தொழில்ல இருக்கிறவங்க கோவப்பட்டு ஆட்டோ கீட்டோ அனுப்பிடாதீங்க :-)

போன மாசம் ரெண்டாவது சனிக்கிழமை. பேங்க் லீவு. நானும் தங்கமணியும் புனேயில ஒரு பழைய கார் ஷோரூமுக்குப் போனோம். அம்மா முட்டி வலிக்கு வைத்தியம் பார்க்க இங்க வந்து எங்களோட இருக்கப் போறாங்க. அவங்களை ஸ்கூட்டர்ல ஏத்திக் கூட்டிட்டுப் போக முடியாது. அதனால கார். இன்னும் ரெண்டு வருஷத்துல டிரான்ஸ்ஃபர் வந்து எங்க தூக்கிப் போடுவாங்களோ தெரியாது. அதனால பழைய கார்.

ஒரு வெள்ளை ஹேட்ச்பேக் பிடிச்சிருந்தது. பெட்ரோல், சாதாரண கியர், ஆறு வருஷம் ஓடினது, மீட்டர்ல 48,000 கிலோமீட்டர். பேரம் பேசி 4,60,000-க்கு வந்து நின்னுச்சு. சரி, முடிஞ்சதுன்னு காபியைக் குடிச்சுட்டு எந்திரிக்கிற நேரத்துல அந்தப் பையன் ஒரு வழவழ காகிதத்தை மேசையில தள்ளினான்.

"சார், எக்ஸ்டெண்டட் வாரண்டி. ஒரு வருஷம். வெறும் 24,000. லோன்லயே சேர்த்துடலாம். உங்க கையில இருந்து ஒரு பைசா போகாது. நிம்மதியா இருக்கலாம் சார்."

தங்கமணி என்னைப் பார்த்தாங்க. "ஏங்க, வெளியூர்ல இருக்கோம். வாங்கிடலாமே. இருந்துட்டுப் போகுது."

அந்த "இருந்துட்டுப் போகுது" இருக்கு பாருங்க, அதைப் பத்தித்தான் இந்தப் பதிவு.

மூணு வருஷம் முன்னாடி இதே வார்த்தையை நான் சொன்னேன். சொன்னது என் மச்சினன்கிட்ட. ஹிஞ்சவடியில ஐடி வேலை. பழைய செடான் ஒண்ணு பார்த்துட்டு, "மாமா, வாரண்டின்னு ஒண்ணு சேர்த்துத் தர்றாங்க, எடுக்கட்டுமா?"ன்னு போன் பண்ணினான். நான் அப்போ பிராஞ்சுல கூட்டத்துக்கு நடுவுல இருந்தேன். "எடுத்துக்கோடா, இருந்துட்டுப் போகுது"ன்னு சொல்லி வச்சுட்டேன். பேங்க் ஆபீசர் மாமா சொன்னா சரியாத்தான் இருக்கும்னு அவனும் எடுத்துட்டான்.

அந்த வருஷம் தீபாவளிக்குக் குடும்பத்தோட கரூருக்குக் கிளம்பினான். புனேயில இருந்து நம்ம ஊருக்குக் காரோட்டுறவங்களுக்கு அந்தப் பாதை மனப்பாடம். சாத்தாரா, கோலாப்பூர், பெலகாவி, ஹூப்ளி, தாவணகெரே, சித்ரதுர்கா, பெங்களூரு, ஓசூர், கிருஷ்ணகிரி, சேலம். அவன் கார் ஹூப்ளி தாண்டி ஹாவேரிகிட்ட புகை விட்டு நின்னுடுச்சு. கூலண்ட் எல்லாம் ஒழுகி, இன்ஜின் கொதிச்சு, ஹெட் கேஸ்கெட் போயிடுச்சு. பின் சீட்ல மூணு வயசுக் குழந்தை. சாயங்காலம் ஆறு மணி.

வாரண்டி நம்பருக்குப் போன் போட்டான். எங்க பட்டியல்ல இருக்கிற ஒர்க்‌ஷாப்புக்குத்தான் கொண்டு போகணும், பக்கத்துல இருக்கிறது ஹூப்ளின்னாங்க. வந்த வழியே திரும்பி எழுபது எண்பது கிலோமீட்டர். இழுத்துட்டுப் போற செலவு அவனோடது. அங்க போனா, பிரிச்சுப் பார்த்தாத்தான் சொல்ல முடியும், பிரிக்கிற கூலி முதல்ல கட்டுங்கன்னாங்க. கட்டினான். நாலு நாள் கழிச்சு பதில் வந்தது. நிராகரிப்பு. காரணம் மூணு.

1. கூலண்ட் ஒழுகினது ரப்பர் ஹோஸ் வெடிச்சதால. ஹோஸ் தேய்மானப் பொருள், வாரண்டியில வராது. வாரண்டியில வராத பொருளால இன்ஜின் கெட்டுப்போனா அந்த இன்ஜினும் வராது.

2. ஹீட் மீட்டர் ஏறின பிறகும் வண்டியை ஓட்டியிருக்கீங்க.

3. நடுவுல ஒரு தடவை ஆயில் மாத்தினதுக்குப் பட்டியல் ஒர்க்‌ஷாப் பில் இல்லை.

58,000 ரூபாய் கைக்காசு. கரூர்ல தீபாவளி அவன் இல்லாமலே முடிஞ்சுது. என்னை அவன் ஒரு வார்த்தை கேட்கலை. கேட்டிருந்தாக்கூடப் பரவாயில்லை.

அதுக்கப்புறம்தான் அந்த வாரண்டி புத்தகத்தை உட்கார்ந்து படிச்சேன். லோன் டாகுமெண்ட் படிச்சுப் படிச்சுக் கண்ணாடி போட்டவன் நான். வாங்கறதுக்கு முன்னாடி அதுல ஒரு பக்கம் கூடப் படிக்காம ஆலோசனை சொல்லியிருக்கேன்.

"நிம்மதி"ன்னு விற்கிறது என்ன?

அட்டையில "காம்ப்ரிஹென்சிவ்"னு இருந்தது. உள்ளே என்ன வரும், என்ன வராதுன்னு ரெண்டு பட்டியல். இது ஒரு கம்பெனியோட குணம் இல்லை. அப்புறம் நான் வாங்கிப் பார்த்த எல்லாப் புத்தகமும் கிட்டத்தட்ட இதே மாதிரிதான்.

வரும்: இன்ஜின் உள்பாகம், கியர்பாக்ஸ் உள்பாகம், இசியூ, ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர் மோட்டார், ஏசி கம்ப்ரசர், ஸ்டீயரிங் மோட்டார்.

வராது: கிளட்ச் பிளேட், பிரேக் பேட், பிரேக் டிஸ்க், பேட்டரி, டயர், பெல்ட், ஹோஸ், புஷ், ஷாக் அப்சார்பர், பல்பு, வைப்பர், ஃபில்டர், ஆயில், கேஸ்.

இப்போ யோசிங்க. ஆறு வருஷம் ஓடின பெட்ரோல் வண்டியில அடுத்த ஒரு வருஷத்துல என்ன போகும்? கிளட்ச் போகும். பேட்டரி போகும். சஸ்பென்ஷன் புஷ் கடகடன்னு சத்தம் போடும். டயர் மாத்தணும். அதாவது, போகக்கூடியது எல்லாம் "வராது" பட்டியல்ல இருக்கு. ஒழுங்கா ஆயில் மாத்தினா லட்சம் கிலோமீட்டர் தாண்டியும் ஓடக்கூடியது எல்லாம் "வரும்" பட்டியல்ல இருக்கு. பட்டியல் போட்டவர் சாதாரண ஆள் இல்லைங்க. எங்க பேங்க்ல ரிஸ்க் டிபார்ட்மெண்டுக்குக் கூப்பிடலாம்.

இதுக்கு மேல நாலு பூட்டு.

வாங்கினப்பவே இருந்த கோளாறு சேராது. எப்ப இருந்து இருந்துச்சுன்னு யார் சொல்றது? அவங்கதான் சொல்வாங்க.

முன் அனுமதி இல்லாம ஒரு நட்டைத் திருகினாலும் கிளைம் கிடையாது. நடுரோட்டுல குழந்தையோட நிற்கிறவன் அனுமதிக்குக் காத்திருக்கணும்.

சொன்ன தேதியில, சொன்ன இடத்துல சர்வீஸ் செய்து பில் வச்சிருக்கணும். ஒண்ணு தவறினாலும் போச்சு.

கடைசியா, உச்சவரம்பு. எனக்கு நீட்டின காகிதத்துல வருஷத்துக்கு மொத்தமா 60,000 வரைக்கும்தான். இன்ஜினே போய் ஒரு லட்சத்துக்கு மேல பில் வந்தாலும் அவங்க தர்றது 60,000.

கணக்குக்கு வருவோம்

நான் பி.காம். வேற என்ன தெரியுமோ தெரியாதோ, கூட்டல் கழித்தல் தெரியும்.

24,000 கட்டறேன். அதிகபட்சம் கிடைக்கிறது 60,000. இந்த வியாபாரம் எனக்கு நஷ்டமில்லாம இருக்கணும்னா, என்னை மாதிரி பத்துப் பேர்ல நாலு பேருக்கு, அந்த ஒரே வருஷத்துக்குள்ள, முழு 60,000-க்கும் செலவு வந்து, அதுவும் "வரும்" பட்டியல்ல இருந்து வந்து, ஒரு காரணமும் சொல்லாம கொடுத்திருக்கணும். பத்துல நாலு காருக்கு ஒரு வருஷத்துல இன்ஜினோ கியர்பாக்ஸோ போகும்னா அது கார் ஷோரூம் இல்லை, காயலான் கடை. அந்தக் காரை வாங்கவே கூடாது. அப்படி இல்லைன்னா வாரண்டி வேண்டாம். ரெண்டுல எது உண்மையா இருந்தாலும் 24,000 கட்ட வேண்டிய அவசியம் வரலை. போகக்கூடியது ஒரு ஆல்டர்னேட்டர்தான், 12,000 ஆகும்னு வச்சுக்கங்க. முழுசாக் கொடுத்தாலும் கட்டினதுல பாதிதான் திரும்பி வருது.

அந்த 24,000-ல ஜிஎஸ்டி 18 சதவீதம் உள்ளே இருக்கு. அதாவது 3,661 ரூபாய் வரி. மிச்சத்துல ஷோரூமுக்குக் கமிஷன், அந்தப் பையனுக்கு ஊக்கத்தொகை, கம்பெனிக்கு லாபம். இதெல்லாம் போக மிஞ்சுறதுல இருந்துதான் உங்க கிளைம் வரணும்.

இனிமேதான் எனக்கு ரொம்பக் கோபம் வர்ற இடம். "லோன்லயே சேர்த்துடலாம் சார், ஒரு பைசா போகாது."

அஞ்சு வருஷ லோன். வட்டி 13 சதவீதம்னு வச்சுப்போம். 24,000-க்கு மட்டும் மாசம் 546 ரூபாய் இஎம்ஐ. 60 மாசத்துல 32,764. கூடுதலா 8,764 ரூபாய் வட்டி. சரி, வாரண்டி எத்தனை மாசம்? 12. பதின்மூணாவது மாசத்துல இருந்து இல்லாத வாரண்டிக்கு 48 இஎம்ஐ கட்டுவீங்க. சாப்பிட்ட இலையை எடுத்துப் போட்ட பிறகு நாலு வருஷம் சாப்பாட்டுக் காசு கட்டறதுன்னா இதுதான். அதுவும் நிறைய பேர் சாப்பிடவே இல்லை.

லோன் போடப் போறவங்களுக்கு ஒரு தொழில் ரகசியம். ரகசியம்கூட இல்லை, ரிசர்வ் பேங்க் உத்தரவு. 2024 அக்டோபர் 1-ல இருந்து அனுமதிக்கிற சில்லறைக் கடனுக்கெல்லாம் "கீ ஃபேக்ட்ஸ் ஸ்டேட்மெண்ட்"னு ஒரு தாள் கொடுத்தாகணும். மூணாவது ஆளுக்காக வசூல் பண்ற கட்டணம் உட்பட எல்லாத்தையும் அதுல காட்டி, மொத்தமா வருஷத்துக்கு எவ்வளவு சதவீதம் ஆகுதுன்னு சொல்லணும். அந்தத் தாள்ல இல்லாத கட்டணத்தை உங்க வெளிப்படையான சம்மதம் இல்லாம வசூலிக்க முடியாது. கையெழுத்துக்கு முன்னாடி அந்தத் தாளைக் கேளுங்க. "அதெல்லாம் அப்புறம் மெயில்ல வரும் சார்"னா, கையெழுத்தும் அப்புறம் வரும்னு சொல்லுங்க.

அந்தப் பையனைத் திட்டலை

ஏன்னா மார்ச் மாசத்துல நானும் அவன்தான்.

இதை எழுதக் கொஞ்சம் கூச்சமாத்தான் இருக்கு. எங்க பிராஞ்சுலயும் டார்கெட் இருக்கு. வீட்டுக் கடன் கேட்டு வர்றவர்கிட்ட, "இந்த இன்சூரன்ஸையும் சேர்த்துப் போட்டுடலாம் சார், லோன்லயே வந்துடும், நிம்மதியா இருக்கலாம்"னு இதே வார்த்தையை, இதே சிரிப்போட நான் சொல்லியிருக்கேன். எதிர்ல இருக்கிறவருக்கு லோன் கிடைக்குமோ கிடைக்காதோன்னு பயம். அந்தப் பயத்துல எதை நீட்டினாலும் கையெழுத்துப் போடுவார்னு எனக்குத் தெரியும். சிலருக்கு அந்த இன்சூரன்ஸ் நிஜமாவே தேவை. சிலருக்குத் தேவையில்லைன்னு தெரிஞ்சும் போட்டிருக்கேன். அதனால ஷோரூம் மேசைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்தப்போ எனக்கு அந்தப் பையன் மேல கோபம் வரலை. அவன் எந்த நிமிஷத்துல காகிதத்தைத் தள்ளினான்னுதான் கவனிச்சேன். பேரம் முடிஞ்சு, மனசு இளகி, காபி குடிச்ச பிறகு. 4,60,000 கொடுக்கத் துணிஞ்சவனுக்கு 24,000 சின்னத் தொகையாத் தெரியற நிமிஷம். அந்தப் பாடத்தை நானும் படிச்சவன்தான்.

மாட்டுச் சந்தைப் பாடம்

எங்க ஊர் மணப்பாறை. முறுக்குக்கு முன்னாடியே மாட்டுச் சந்தைக்குப் பேர் போன ஊர். தாத்தா மாடு பிடிக்கப் போகும்போது சின்ன வயசுல கூடப் போயிருக்கேன். பல்லைப் பிடிச்சுப் பார்ப்பார். சுழி பார்ப்பார். நடக்க விட்டுப் பார்ப்பார். நுகத்துல பூட்டி இழுக்க விட்டுப் பார்ப்பார். தரகர் துண்டுக்கு அடியில விரலைப் பிடிச்சு விலை பேசுவதெல்லாம் அதுக்கப்புறம்தான். "இந்த மாடு படுத்துடுச்சுன்னா பணம் தர்றேன், அதுக்குத் தனியா ஒரு தொகை கொடு"ன்னு எந்த விற்பனைக்காரனாவது கேட்டிருந்தா, தாத்தா துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டு அடுத்த மாட்டுக்குப் போயிருப்பார்.

தாத்தாவுக்குத் தெரிஞ்ச இதைத்தான் ஜார்ஜ் அகெர்லாஃப்னு ஒரு பொருளாதாரப் பேராசிரியர் 1970-ல பழைய கார் சந்தையை வச்சே கட்டுரையா எழுதினார். 2001-ல நோபல் பரிசை இன்னும் ரெண்டு பேரோட பகிர்ந்துக்கிட்டார். சாரம் இதுதான்: விற்கிறவனுக்குக் காரோட குணம் தெரியும், வாங்குறவனுக்குத் தெரியாது. அந்த இடைவெளியால நல்ல காருக்கும் நல்ல விலை கிடைக்காம சந்தையே கெட்டுப்போகும். அதைச் சரிக்கட்டற வழிகள்ல உத்தரவாதமும் ஒண்ணு. தன் காரை நம்புறவன்தான் துணிஞ்சு உத்தரவாதம் கொடுப்பான். அதைப் பார்த்து நாமளும் நம்பலாம்.

ஆனா அது விற்கிறவன் தன் காசுல கொடுக்கும்போதுதான். உத்தரவாதத்தையே தனியா விலை போட்டு, வேற கம்பெனி பேர்ல, நம்ம காசுக்கே வித்தா அதுல எந்தச் சேதியும் இல்லை. நல்ல காருக்கும் அதே 24,000, ஓட்டைக் காருக்கும் அதே 24,000. "இந்தக் கார்ல 200 சோதனை பண்ணியிருக்கோம் சார்"னு சொன்ன அதே வாய், "எதுக்கும் வாரண்டி எடுத்துக்கங்க சார்"னு சொல்லுது. சோதனை நிஜம்னா ஆறு மாசத்துக்கு நீயே இலவசமாக் கொடேன்? சில இடங்கள்ல அப்படிக் கொடுக்கவும் செய்றாங்க. அவங்ககிட்ட வாங்குங்க.

பி.காம் ரெண்டாம் வருஷம் மெர்க்கன்டைல் லா படிச்சவங்களுக்கு 1930 சரக்கு விற்பனைச் சட்டம் ஞாபகம் இருக்கும். வாங்குறவன்தான் விழிப்பா இருக்கணும்னு அடிப்படை. நீங்களே பரிசோதிச்சுப் பார்த்த பொருள்னா, அந்தச் சோதனையில தெரிஞ்சிருக்க வேண்டிய குறைக்கு அப்புறமா வந்து தரக்குறைவுன்னு விற்கிறவனைப் பிடிக்க முடியாது. இன்னொரு வேடிக்கை. அந்தச் சட்டத்துல "கண்டிஷன்"னா பெரிய வாக்கு, மீறினா பொருளையே திருப்பித் தரலாம். "வாரண்டி"ன்னா சின்ன வாக்கு, மீறினா நஷ்டஈடு மட்டும் கேட்கலாம். சின்ன வாக்குக்குத்தான் இவ்வளவு பெரிய பேர்.

இன்சூரன்ஸ் மாதிரிதானே?

இல்லை. இந்தக் குழப்பம் படிச்சவங்களுக்கே இருக்கு. கார் இன்சூரன்ஸ் விபத்துக்கும் திருட்டுக்கும் வெள்ளத்துக்கும். இயந்திரக் கோளாறும் தேய்மானமும் அதுல கிடையாது. அந்த ஓட்டையை அடைக்கத்தான் வாரண்டின்னு விற்கிறாங்க. ஆனா இன்சூரன்ஸ் கம்பெனிக்கு மேல ஐஆர்டிஏஐ இருக்கு, தகராறு வந்தா ஓம்புட்ஸ்மேன் இருக்கார். பல வாரண்டி கம்பெனிகள் கொடுக்கிறது வெறும் சர்வீஸ் ஒப்பந்தம். அந்தக் கம்பெனி நாளைக்குக் கடையைச் சாத்தினா உங்க காகிதம் வேர்க்கடலை மடிக்கத்தான். "இதுக்குப் பின்னாடி எந்த இன்சூரன்ஸ் கம்பெனி இருக்கு?"ன்னு கேட்டுப் பாருங்க. அந்தப் பையன் முகம் மாறுவதை வச்சே முடிவு பண்ணிடலாம்.

இன்சூரன்ஸ்னு சொன்னதும் ஞாபகம் வருது. பழைய கார் வாங்கினா 14 நாளுக்குள்ள இன்சூரன்ஸை உங்க பேருக்கு மாத்த விண்ணப்பிக்கணும். பழைய ஓனரோட நோ கிளைம் போனஸ் அவர்கூடப் போயிடும், காரோட வராது. 24,000 வாரண்டி பத்தி அரை மணி நேரம் பேசின அந்தப் பையன் இதைப் பத்தி ஒரு வார்த்தை பேசலை.

யாருக்கு வேணும்?

எல்லா வாரண்டியும் மோசம்னு சொன்னா அது நேர்மை இல்லை. மூணு விஷயம் சேர்ந்து வந்தா நானே வாங்கச் சொல்வேன்.

முதலாவது, கார் தயாரிச்ச கம்பெனியே கொடுக்கணும். அவங்க ஒர்க்‌ஷாப் ஊர் ஊருக்கு இருக்கும். மாருதி 2024 ஜூலையில இருந்து புது கார்களுக்கு அடிப்படை வாரண்டியையே மூணு வருஷம் அல்லது ஒரு லட்சம் கிலோமீட்டர்னு ஆக்கிட்டாங்க. அந்த மாதிரி, வாரண்டி இன்னும் மிச்சம் இருக்கிற ரெண்டு வயசுக் காரைப் பிடிச்சா தனியா எதுவுமே வாங்க வேண்டாம். உங்க பேருக்கு மாறுதான்னு மட்டும் எழுத்துல கேட்டுக்கங்க. முதல் வாரண்டி முடியறதுக்குள்ள நீட்டிக்கிற வசதி இருந்தா அதையும் பாருங்க.

ரெண்டாவது, வண்டியே செலவு வைக்கிற ஜாதியா இருக்கணும். டூயல் கிளட்ச் ஆட்டோமேட்டிக், டர்போ, விலை உயர்ந்த வெளிநாட்டு பிராண்ட். கியர்பாக்ஸ் போனா லட்சத்துல பில் வரும். அந்த பாகம் பேர் சொல்லி "வரும்" பட்டியல்ல இருக்கணும், உச்சவரம்பும் அந்தச் செலவைத் தாங்கணும்.

மூணாவது, டிரான்ஸ்ஃபர் ஆனாலும் செல்லணும். நம்மள மாதிரி ஆளுங்களுக்கு இதுதான் முக்கியம். புனேயில வாங்கின வாரண்டி பாட்னாவில செல்லுமா, அங்க பட்டியல் ஒர்க்‌ஷாப் இருக்கா? அதை வாயால சொல்லக் கூடாது. எழுத்துல வேணும்.

நிஜமான காரணம்

கணக்கெல்லாம் சரி. அப்புறம் ஏன் மச்சினன் எடுத்தான், நான் ஏன் எடுக்கச் சொன்னேன், தங்கமணி ஏன் "வெளியூர்ல இருக்கோம்"னு சொன்னாங்க?

ஊர்ல இருந்தப்போ அப்பாவோட அம்பாசடருக்கு யாரும் வாரண்டி விற்கலை. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி ஒரு மெக்கானிக் அண்ணன் இருந்தார். ராத்திரி பத்து மணிக்குக் கூப்பிட்டாலும் லுங்கியை மடிச்சுக் கட்டிக்கிட்டு வருவார். "சார், இது இப்போ ஒண்ணும் ஆகாது, பொங்கலுக்கு அப்புறம் பார்த்துக்கலாம்"னு சொல்ற ஆள். அந்த ஒரு வார்த்தைதான் நிஜமான வாரண்டி. அதுக்கு விலை போட முடியாது.

இங்க நமக்கு அந்த அண்ணன் இல்லை. மராத்தி அரைகுறை, ஹிந்தி முக்கால். கராஜ்காரர் சொல்றது நிஜமா, நம்மளை "மதராஸி"ன்னு பார்த்துத் தலையில கட்டறாரான்னு தெரியாது. அந்தப் பயத்துக்குத்தான் 24,000 விலை. நமக்கு விற்கிறது கியர்பாக்ஸ் பாதுகாப்பு இல்லைங்க. இங்க நமக்குத் தெரிஞ்சவங்க யாரும் இல்லைங்கிற நினைப்பு. அதை நமக்கே திருப்பி வித்துட்டாங்க.

ஆனா அந்த நினைப்பு உண்மையா? பதிமூணு வருஷமா நாலு மாநிலத்துல இருந்திருக்கேன். எந்த ஊர்லயும் நல்ல மெக்கானிக் இல்லாம இல்லை. நாமதான் தேடறதில்லை. ஞாயித்துக்கிழமை தமிழ்க் குடும்பங்களோட சேர்ந்து பொங்கல், வடை, சினிமான்னு பேசிட்டு வீட்டுக்கு வந்துடறோம். பக்கத்து மேசை மராத்திக்காரர்கிட்ட "உங்க வண்டியை எங்க விடறீங்க?"ன்னு கேட்கறதில்லை. வாரண்டி வாங்குறது சுலபம். ஒரு கையெழுத்து. மனுஷனைத் தேடறதுக்கு நாலு பேர்கிட்ட வாய் திறந்து பேசணும்.

நான் என்ன பண்ணினேன்

அந்தக் காகிதத்தை மடிச்சுப் பையில வச்சுக்கிட்டு, "யோசிச்சுச் சொல்றேன் தம்பி"ன்னுட்டு வந்தேன். திங்கள்கிழமை எங்க பிராஞ்ச் கேஷியர்கிட்ட கேட்டேன். புனேயிலயே பிறந்து வளர்ந்தவர். அவர் ஒரு மெக்கானிக் காகாகிட்ட கூட்டிட்டுப் போனார். காத்ரஜ் பக்கம் சின்ன கராஜ். அறுபது வயசு இருக்கும். கூலி பேசிக்கிட்டு அவரையே ஷோரூமுக்குக் கூட்டிட்டு வந்தேன். தாத்தா பல் பார்த்த மாதிரி பார்த்தார்.

காலையில யாரும் கிளப்பாத குளிர்ந்த இன்ஜினைத்தான் ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். புகை நிறம் பார்த்தார். ஆயில் மூடியைத் திறந்து உள்ளே பால் மாதிரி ஏதாவது ஒட்டியிருக்கான்னு பார்த்தார், தண்ணி கலந்திருந்தா அப்படி இருக்குமாம். சீட் பெல்ட்டை முழுசா வெளியே இழுத்து, அடியில சேறு கோடு இருக்கான்னு பார்த்தார், வெள்ளத்துல முங்கின வண்டி அதுல மாட்டும். சின்ன ஸ்கேனர் ஒண்ணைச் சொருகி பழைய எர்ரர் படிச்சார். கம்பெனி சர்வீஸ் சென்டர்ல நம்பர் கொடுத்து ஒவ்வொரு சர்வீஸ் அன்னைக்கும் மீட்டர் எவ்வளவு காட்டினதுன்னு பார்க்கச் சொன்னார். மீட்டரைப் பின்னால சுத்தியிருந்தா அங்க தெரிஞ்சிடும்.

கடைசியா, "கிளட்ச் ஆறு மாசம் தாங்கும். பின்பக்க ஷாக் அப்சார்பர் ரெண்டும் போச்சு. இன்ஜின் நல்லா இருக்கு"ன்னார். அந்த ரெண்டும் எந்த வாரண்டியிலயும் வராது. ஆனா பேரத்துல வந்தது. 2025 செப்டம்பர் 22-ல இருந்து சின்ன கார்களுக்கு ஜிஎஸ்டி 28-ல இருந்து 18 ஆகிப் புது கார் விலையே இறங்கினதையும் எடுத்துச் சொன்னேன். 4,60,000-ஐ 4,38,000-க்குக் கொண்டு வந்தேன். வாரண்டிக்குக் கொடுக்க இருந்த தொகைக்குக் கிட்டத்தட்ட விலையிலேயே குறைஞ்சுடுச்சு.

மிச்சத்துக்கு, மாசம் 2,000 ரூபாய்க்கு ஒரு ஆர்.டி. ஆரம்பிச்சேன். வருஷக் கடைசியில 24,000-மும் வட்டியும். கிளட்ச் போனாலும் தரும், டயர் போனாலும் தரும், முன் அனுமதி கேட்காது, ஹூப்ளிக்குத் திரும்பிப் போகச் சொல்லாது. ஒண்ணும் போகலைன்னா காசு நம்மோடது.

"ஒருவேளை மூணாவது மாசமே கியர்பாக்ஸ் போச்சுன்னா?"ன்னு தங்கமணி கேட்டாங்க. நியாயமான கேள்வி. போனா கஷ்டம்தான். ஆர்.டி.யில அப்போ 6,000 தான் இருக்கும், சேமிப்புல கை வைக்கணும். இல்லைன்னு சொல்லலை. ஒரு கியர்பாக்ஸ் செலவு குடும்பத்தையே சாய்ச்சுடும்ங்கிற நிலைமையில இருக்கிறவங்க, 24,000-க்கு வாரண்டி வாங்குறதுக்குப் பதிலா இன்னும் ஒரு லட்சம் குறைவான காரை வாங்குங்க. அதுதான் அவங்களுக்குப் பாதுகாப்பு.

ஏற்கனவே வாங்கி ஏமாந்தவங்களுக்கு: புலம்பிட்டு விட்டுடாதீங்க. நிராகரிப்பை எழுத்துல வாங்குங்க. 1915-க்கு, அதான் தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்க. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்க இப்போ குடியிருக்கிற ஊர் மாவட்ட ஆணையத்துலயே வழக்குப் போடலாம், கம்பெனி ஆபீஸ் எந்த ஊர்ல இருந்தாலும் சரி. கொடுத்த தொகை அஞ்சு லட்சத்துக்குள்ளன்னா கட்டணமே இல்லை. ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும். ஒப்பந்தத்துல ஆர்பிட்ரேஷன்னு ஒரு வரி இருந்தாலும் அது நுகர்வோர் ஆணையத்துக்குப் போறதைத் தடுக்காதுன்னு 2018-ல உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கு. மச்சினன் இதெல்லாம் தெரியாம ரெண்டு வருஷத்தைத் தாண்டிட்டான். அதுக்கும் நான்தான் காரணம். அப்பவே விசாரிச்சுச் சொல்லியிருக்கணும்.

அவனுக்குப் போன் பண்ணி இப்போ எல்லாத்தையும் சொன்னேன். சிரிச்சான். "விடுங்க மாமா, அந்தக் காகா நம்பரைக் கொடுங்க"ன்னான். கொடுத்துட்டேன்.

உங்க ஊர்ல உங்களுக்கு ஒரு காகா கிடைச்சாச்சா? கிடைக்கலைன்னா நாளைக்கே பக்கத்து மேசைக்காரரைக் கேளுங்க.

பி.கு: டெலிவரி அன்னைக்கு அந்த ஷோரூம் பையன் விடலை. "சார், வாரண்டி வேண்டாம்னா பரவாயில்லை, டெஃப்லான் கோட்டிங்காவது..." :-)